எந்த சர்க்யூட்டுக்கு எத்தனை கோர்? சென்னை வீட்டு ஒயரிங்குக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புது வீடோ, பழைய வீட்டில் ஒயரிங் மாற்றும் வேலையோ, எலக்ட்ரீசியன் முதலில் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். ஒன்றரை ஸ்கொயர் (செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்) இத்தனை காயில், ரெண்டரை இத்தனை, நாலு ஒன்று, மோட்டாருக்கு மூணு கோர் இத்தனை மீட்டர் என்று இருக்கும். நாமும் அதைக் கடையில் நீட்டிச் சரக்கை வாங்கி வந்துவிடுவோம். எந்த ஒயர் எங்கே போகிறது, அங்கே ஏன் மூன்று கம்பி, இங்கே ஏன் நான்கு என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டும். பூச்சு முடிந்து பெயிண்டும் அடித்த பிறகு கேட்டால் சுவரை உடைத்துத்தான் பதில் தெரிந்துகொள்ள முடியும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகிறது. ஒரு எம்.சி.பி.யிலிருந்து (கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) புறப்படும் ஃபேஸ் (கரன்ட் வரும் கம்பி), தன் நியூட்ரலையும் (கரன்ட் திரும்பும் கம்பி) தன் எர்த்தையும் (கசியும் கரன்ட்டை மண்ணுக்கு அனுப்பும் பாதுகாப்புக் கம்பி) கூடவே கூட்டிக்கொண்டு போக வேண்டும். போன கரன்ட் அதே சர்க்யூட்டின் நியூட்ரலில்தான் திரும்பி வர வேண்டும். பக்கத்து சர்க்யூட்டில் நியூட்ரலைக் கடன் வாங்கினால் விளக்கு என்னவோ எரியும். ஆனால் அந்த வீட்டில் ஒயரிங் சரியாக இல்லை.

வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் செய்யட்டும். மீட்டருக்கு முந்தைய பக்கம், சீல் வைத்த பெட்டி, சர்வீஸ் ஒயர் எல்லாம் ஈ.பி.யின் (மின்வாரியத்தின்) பொறுப்பு. அதில் நீங்களும் கை வைக்கக் கூடாது, எலக்ட்ரீசியனும் வைக்கக் கூடாது. கீழே உள்ளவை நீங்கள் திட்டமிடவும், சரக்கு வாங்கவும், நடக்கும் வேலையைப் புரிந்து மேற்பார்க்கவும்.

ஒற்றை ஒயரா, பல கோர் கேபிளா

காயிலாகக் கிடைக்கும் சாதாரண வீட்டு ஒயர் ஒற்றைக் கோர். அதற்குள் பல மெல்லிய செம்புக் கம்பிகள் முறுக்கி இருக்கும். அத்தனையும் சேர்ந்து ஒரே கடத்திதான். பல கோர் கேபிள் என்றால் தனித்தனியாக இன்சுலேஷன் போட்ட இரண்டு, மூன்று அல்லது நான்கு ஒயர்களை ஒன்றாக வைத்து மேலே இன்னொரு உறை போட்டது. கடையில் மல்டி ஸ்ட்ராண்ட் வேண்டுமா, மல்டி கோர் வேண்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சுவருக்குள் பி.வி.சி. பைப் புதைத்துச் செய்யும் ஒயரிங்கில் ஒற்றைக் கோர்தான் நல்லது. பைப்பில் இழுக்க எளிது. ஒரு கம்பி பழுதானால் அதை மட்டும் உருவி மாற்றலாம். சூடும் கொஞ்சம் சுலபமாக வெளியேறும். உருண்டை உறை போட்ட மூன்று கோர் கேபிளைப் பைப்புக்குள் திணித்தால் இடமும் வீண், வளைவில் மாட்டிக்கொண்டால் இழுக்கவும் முடியாது.

பல கோர் கேபிளுக்கு உரிய இடங்கள் வேறு. பைப் இல்லாமல் வெளியே தெரியும் ஓட்டம், சுவரில் மாட்டிய ஏ.சி. இண்டோர் யூனிட்டிலிருந்து அவுட்டோர் யூனிட் வரை, போர்வெல் மோட்டார், மொட்டை மாடிக் கொட்டகை, கேட் விளக்கு, மீட்டர் போர்டிலிருந்து மேல் மாடி டி.பி. (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) வரையிலான மெயின் என்று எண்ணிவிடலாம். ஒற்றை ஒயரை உறையும் பைப்பும் இல்லாமல் சுவரில் ஆணி அடித்து ஓட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் ஊர் வெயிலில் பி.வி.சி. வெடித்துப்போகும்.

நிறத்தில் இருக்கும் ஆபத்து

நம் நாட்டு வழக்கத்தில் சிங்கிள் ஃபேஸ் வீட்டு ஒயரிங்குக்குச் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். த்ரீ ஃபேஸ் வந்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ். இதுவரை குழப்பம் இல்லை.

இப்போது வாங்கும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றின் கார்டை (பிளக்கோடு வரும் ஒயரை) பாருங்கள். அதில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு எர்த். அதாவது சாதனத்தின் கார்டில் நியூட்ரலாக இருக்கும் அதே நீலம், த்ரீ ஃபேஸ் டி.பி.க்குள் உயிருள்ள ஃபேஸ். பல கோர் கேபிள்களில் இரண்டு வழக்கமும் கிடைக்கின்றன. அதனால் கேபிளைச் சீவியதும் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், இந்த வீட்டில் எந்த நிறம் எதற்கு என்று டி.பி. கதவின் உட்புறம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். எந்த நிலையிலும் மாறக்கூடாதது ஒன்று: பச்சையும் பச்சை-மஞ்சளும் எர்த்துக்கு மட்டும்தான். கோர் பற்றவில்லை என்று பச்சையை ஸ்விட்ச் ஒயராகப் பயன்படுத்தினால், பின்னாளில் வேறு ஒருவர் அதை எர்த் என்று நம்பிக் கையால் பிடிப்பார்.

வேறு வழியில்லாமல் கறுப்புக் கோர் ஃபேஸாகப் போகிறது என்றால், இரண்டு முனையிலும் சிவப்பு டேப் இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். ஒரு முனையில் மட்டும் சுற்றினால் பயனில்லை.

லைட், ஃபேன் சர்க்யூட்

ஒரு ஸ்விட்ச் போர்டுக்கு ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று கம்பி வர வேண்டும். போர்டிலிருந்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஸ்விட்ச் வழியாக வரும் ஃபேஸ் தனி. நியூட்ரலை ஒரு பாயின்ட்டிலிருந்து அடுத்ததுக்கு லூப் செய்துகொள்ளலாம். ஸ்விட்ச் எப்போதும் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருந்தால் ஸ்விட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் கரன்ட் நிற்கும். பல்பு மாற்றப் போகிறவருக்கு ஷாக்.

ஃபேனும் அதனோடு சேர்ந்த விளக்கும் ஒரே ஹூக்கில் தொங்கினால் நான்கு கோர் தேவை: ஃபேன் ஸ்விட்ச் ஒயர் ஒன்று, விளக்கு ஸ்விட்ச் ஒயர் ஒன்று, நியூட்ரல் ஒன்று, எர்த் ஒன்று. இங்கே இரண்டு சாதனத்துக்கும் ஒரே நியூட்ரல் போதும். இரண்டும் ஒரே எம்.சி.பி.யிலிருந்து வருவதால் இது கடன் வாங்குவது ஆகாது. ஃபேனின் உலோக உடலுக்கு எர்த் தேவையில்லை என்று சிலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள்.

ஒயர் 1.5 ஸ்கொயர், எம்.சி.பி. 6 அல்லது 10 ஆம்ப். இது போதும்.

மாடிப்படி விளக்கு: எண்ணிக்கை தவறும் இடம்

கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச், நடுவில் ஒரு விளக்கு. டூ வே ஸ்விட்ச் இரண்டிலும் மூன்று முனை இருக்கும்: நடு முனை ஒன்று, மாற்று முனை இரண்டு. கீழ் ஸ்விட்சின் நடு முனைக்கு ஃபேஸ் வருகிறது. இரண்டு மாற்று முனையிலிருந்தும் இரண்டு ஒயர் மேல் ஸ்விட்சின் மாற்று முனைகளுக்குப் போகின்றன. மேல் ஸ்விட்சின் நடு முனையிலிருந்து விளக்குக்கு ஒரு ஒயர்.

விளக்கு மேல் மாடிப் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து மேலே எத்தனை கம்பி போக வேண்டும்? மாற்று ஒயர் இரண்டு, எர்த் ஒன்று என்று எண்ணி மூன்று கோர் கேபிள் வாங்கிவிடுகிறார்கள். மேலே போய்ப் பார்த்தால் விளக்குக்கு நியூட்ரல் இல்லை. உடனே, ‘சார், மேல் ரூம் போர்டுல நியூட்ரல் இருக்கு, அங்கேயே எடுத்துக்கலாம்’ என்பார் வேலை செய்பவர். விளக்கு உடனே எரியும், எல்லோருக்கும் திருப்தி.

ஆனால் இப்போது அந்த விளக்குக்கு ஃபேஸ் கீழ்த்தள எம்.சி.பி.யிலிருந்து வருகிறது, நியூட்ரல் மேல்தள சர்க்யூட்டில் திரும்புகிறது. இரண்டு தளத்துக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. (போகும் கரன்ட்டும் திரும்பும் கரன்ட்டும் வேறுபட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருந்தால், போன கரன்ட்டும் வந்த கரன்ட்டும் பொருந்தாமல் ஸ்விட்ச் போட்டதும் ட்ரிப் ஆகும். ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இன்னும் மோசம். மேல்தளத்தில் ஏதோ வேலைக்காக அந்த எம்.சி.பி.யை அணைத்துவிட்டு நியூட்ரல் ஜாயின்ட்டைப் பிரிக்கிறார் ஒருவர். அதே நேரம் கீழே யாரோ படி விளக்கைப் போடுகிறார்கள். பிரித்த நியூட்ரல் முனையில் விளக்கு வழியாக 230 வோல்ட் வந்து நிற்கும். அவர் எம்.சி.பி.யை அணைத்துத்தான் வைத்திருந்தார், ஆனாலும் அடிக்கும்.

ஆகவே மாடிப்படிக்கு நான்கு: மாற்று ஒயர் இரண்டு, கீழ் சர்க்யூட்டின் நியூட்ரல், எர்த். பைப்பில் ஓட்டினால் நான்கு ஒற்றை ஒயர், வெளியே ஓட்டினால் நான்கு கோர் கேபிள். சீட்டு எழுதும்போதே இந்த ஓர் இடத்தை விரல் வைத்துக் கேளுங்கள்.

பவர் பிளக், கிச்சன், கீசர், ஏ.சி.

இங்கே மூன்று கம்பிக்குக் குறைந்து எதுவும் கிடையாது. பிளக் பாயின்ட்டை முன்னால் நின்று பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். இரண்டு கோர் ஒயரில் மூன்று பின் பிளக் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இன்றும் கிரைண்டருக்குப் பயன்படுத்துகிறார்கள். ஈரக் கையோடு தொடும் உலோக உடல் அது.

கணக்கு கடினமில்லை. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்ப் வந்துவிடும். 2 கிலோவாட் கீசர் சுமார் 8.7 ஆம்ப், 3 கிலோவாட் கீசர் 13. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் என்றால் 8.7. மிக்ஸி 750 வாட், மூன்றேகால் ஆம்ப். அயர்ன் பாக்ஸ் 1,000 வாட், நாலரை ஆம்ப்புக்குள். இண்டக்‌ஷனும் மைக்ரோவேவும் கெட்டிலும் ஒரே மேடையில் இருக்கும் இன்றைய கிச்சனுக்கு ஒரு பவர் சர்க்யூட் போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். கீசருக்கு ஒன்று, ஒவ்வொரு ஏ.சி.க்கும் ஒன்று என்று தனித்தனியாக டி.பி.யிலிருந்தே வர வேண்டும்.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் சென்னைக்கென்று ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது. பி.வி.சி. செம்பு ஒயர் பைப்புக்குள் தாங்கும் கரன்ட், பொதுவான அட்டவணைகளில், 1.5 ஸ்கொயருக்கு 13–14 ஆம்ப், 2.5-க்கு 18–19, 4-க்கு 24–26, 6-க்கு 31-ஐ ஒட்டி இருக்கும். இந்த அட்டவணைகள் சுற்றுப்புறம் 40 டிகிரி என்று வைத்துப் போட்டவை. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தளத்துக்குள் புதைந்த பைப் 50 டிகிரியைத் தொடும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 70 டிகிரி வரை தாங்கும் சாதாரண பி.வி.சி.க்கு அந்தச் சூட்டில் திறன் ஏறக்குறைய 0.82 மடங்காகக் குறைகிறது. அதே பைப்பில் இன்னொரு சர்க்யூட்டும் ஓடினால் மேலும் 0.8 மடங்கு.

போட்டுப் பாருங்கள். 2.5 ஸ்கொயர்: 18 × 0.82 × 0.8, கிட்டத்தட்ட 11.8 ஆம்ப். 3 கிலோவாட் கீசர் இழுப்பதோ 13. எம்.சி.பி. 16 ஆம்ப் என்பதால் அது ட்ரிப் ஆகாது. ஒயர் மட்டும் உள்ளுக்குள் வேகும், வருஷக்கணக்கில். 4 ஸ்கொயர் போட்டால் 24 × 0.82 × 0.8, அதாவது 15.7 ஆம்ப். கடைசி மாடியில் இருப்பவர்கள், மேல்தளத்து ஸ்லாப் வழியாக ஏ.சி.க்கும் கீசருக்கும் பைப் போகிறதென்றால் 4 ஸ்கொயரே கேளுங்கள். கூடும் செலவு ஒன்றிரண்டு காயிலோடு முடிந்துவிடும். நடுத்தளத்தில், சுவர் வழியே தனிப் பைப்பில் 2 கிலோவாட் கீசருக்குப் போகும் ஒயருக்கு 2.5 தாராளம்.

எம்.சி.பி. என்பது சாதனத்துக்கான காவல் அல்ல, ஒயருக்கான காவல். ஒயர் தாங்குவதைவிட எம்.சி.பி.யின் ஆம்ப் அதிகமாக இருக்கவே கூடாது. அடிக்கடி விழுகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 25 போடுகிறேன் என்பவரை அங்கேயே நிறுத்துங்கள். ஏ.சி., மோட்டார் போன்ற, தொடக்கத்தில் அதிகம் இழுப்பவற்றுக்கு ‘சி’ வகை எம்.சி.பி. பொருந்தும். வெறும் விளக்குக்கும் கீசருக்கும் ‘பி’ வகை போதும்.

ஸ்ப்ளிட் ஏ.சி.யில் இண்டோரிலிருந்து அவுட்டோருக்குப் போகும் கேபிள் தனிக் கதை. இன்வெர்ட்டர் ஏ.சி. பலவற்றில் ஃபேஸ், நியூட்ரல், சிக்னல், எர்த் என நான்கு கோர். மாடலுக்கு மாடல் இது மாறும். சாதனத்தோடு வரும் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் கேபிள் வாங்க வேண்டும். அவுட்டோர் யூனிட் வெயிலில் இருப்பதால் உறை தடித்த கேபிளாக, முடிந்தால் பைப்புக்குள்.

போர்வெல் மோட்டார்

மெட்ரோ வாட்டர் வந்தாலும் போர் இல்லாத தனி வீடு இங்கே அரிது. சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இறக்கும் தட்டையான மூன்று கோர் கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம் இருக்கும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரானாலும் அந்த மூன்று, ஃபேஸ்-நியூட்ரல்-எர்த் அல்ல. கன்ட்ரோல் பேனலிலிருந்து மோட்டாரின் ஸ்டார்ட் சுற்று, ரன் சுற்று, பொது முனை ஆகியவற்றுக்குப் போகும் மூன்று கம்பிகள். எந்த நிறம் எந்த முனைக்கு என்பதைப் பேனலின் உள்ளே ஒட்டிய வரைபடமே சொல்லும். அதைப் பார்க்காமல் மாற்றி மாட்டினால் சுற்று எரியும்.

இதிலிருந்து வருவதுதான் முக்கியம்: அந்தத் தட்டைக் கேபிளில் எர்த் இல்லை. எர்த்துக்குத் தனியாக ஒரு கம்பி இறங்க வேண்டும். போரின் இரும்பு கேசிங், பேனலின் தகரப் பெட்டி இரண்டும் எர்த்தோடு சேர வேண்டும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மோட்டார் பேனல் இருக்கும் வீடுகள் எத்தனையோ.

தூரமும் இங்கே கணக்கில் வரும். போர் 200 அடி, அதாவது 60 மீட்டர். பேனல் வரை இன்னும் 20 மீட்டர். போக வர மொத்தம் 160 மீட்டர் செம்பு. 2.5 ஸ்கொயர் ஒயரின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 8 ஓம். 160 மீட்டருக்கு 1.28 ஓம். மோட்டார் 8 ஆம்ப் இழுத்தால் வழியிலேயே 10 வோல்ட் போகிறது. 1.5 ஸ்கொயர் போட்டால் 17 வோல்ட். ஓடும்போதே இவ்வளவு. ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரன்ட் பல மடங்கு ஏறும், இழப்பும் அதே மடங்கு ஏறும். கோடையில் சாயங்காலம் ஈ.பி. வோல்டேஜே 200-க்கு இறங்கும் தெருவில், மெல்லிய கேபிளோடு மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது. கெப்பாசிட்டர் போய்விட்டது என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் ஒருமுறை கேபிளின் அளவையும் பாருங்கள்.

கேபிளை மோட்டாரின் எடையைத் தாங்கும் கயிறாகப் பயன்படுத்தக் கூடாது. நைலான் கயிறோ ஒயர் ரோப்போ தனியாக. தண்ணீருக்குள் இருக்கும் ஜாயின்ட்டுக்குச் சாதாரண கறுப்பு டேப் உதவாது. அதற்கென்றே உள்ள நீர்ப்புகா ஜாயின்ட் கிட் வேண்டும். ஓவர்ஹெட் டேங்க்கின் லெவல் சென்சார் ஒயர் குறைந்த வோல்டேஜ். அதை மோட்டார் ஒயர் போகும் பைப்பில் சேர்க்க வேண்டாம்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று அங்கிருப்பவர்களுக்கு நினைவிருக்கும். மோட்டார் பேனல், மீட்டர் போர்டு, கீழ்த்தளத்து ஜங்ஷன் பாக்ஸ் அனைத்தும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழ்த்தளப் பிளக் பாயின்ட்டுகளைத் தனி எம்.சி.பி.யில் பிரித்துவிட்டால், தண்ணீர் ஏறும்போது அவற்றை மட்டும் அணைத்து மேல்தளத்தைக் காப்பாற்றலாம்.

இன்வெர்ட்டர்

ஒயரிங் முடிந்த வீட்டில் பிற்பாடு இன்வெர்ட்டர் சேர்க்கும்போதுதான் நியூட்ரல் பெரும்பாலும் கலக்கிறது. ஹால் விளக்கு, இரண்டு ஃபேன், வைஃபை என்று தேர்ந்தெடுத்து அவற்றின் ஃபேஸை மட்டும் அறுத்து இன்வெர்ட்டர் வழியாக விடுவார்கள். நியூட்ரல் பழையபடி எல்லாவற்றோடும் கலந்தே இருக்கும். வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அன்றிலிருந்து காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். கடைசியில் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடுவார்கள். உயிரைக் காக்கும் கருவி போய்விட்டது, தப்பு அப்படியே இருக்கிறது.

சரியான வழி, ஒயரிங் செய்யும்போதே இன்வெர்ட்டரில் ஓட வேண்டிய பாயின்ட்டுகளைத் தனி சர்க்யூட்டாகப் பிரிப்பது. டி.பி.யிலிருந்து இன்வெர்ட்டர் வைக்கும் இடத்துக்கு ஒரு மூன்று கம்பி ஓட்டம் போகும். அங்கிருந்து டி.பி.க்குத் திரும்ப இன்னொரு ஃபேஸும் நியூட்ரலும் வரும். இன்வெர்ட்டர் சர்க்யூட்டுகளின் நியூட்ரலுக்கு டி.பி.க்குள் ஒரு தனி பார் (ஒயர் முனைகள் சேரும் உலோகப் பட்டை). மற்ற நியூட்ரல் பாரோடு அதை இணைக்கக் கூடாது. இன்று இன்வெர்ட்டர் வாங்கும் எண்ணம் இல்லையென்றாலும் இந்தப் பைப்பையும் ஒயரையும் போட்டு வையுங்கள்.

த்ரீ ஃபேஸ் வீடு

மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து ஒரே நியூட்ரல் மீட்டரிலிருந்து டி.பி. வரை வருகிறது. அது முறைதான். மூன்றிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரன்ட் கிட்டத்தட்ட இருக்காது. ஆனால் அந்த ஒரு நியூட்ரல் எங்காவது அறுந்தாலோ லூசானாலோ என்ன ஆகும்?

ஒரு ஃபேஸில் 2,000 வாட் கீசர், இன்னொரு ஃபேஸில் 100 வாட் டி.வி. ஓடுகிறது என்று கொள்வோம். நியூட்ரல் போய்விட்டால் இரண்டும் தொடராகி, இரண்டு ஃபேஸுக்கும் இடையிலான 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். கீசரின் தடை சுமார் 26 ஓம், டி.வி.யுடையது 530 ஓம். தடை அதிகமுள்ளதற்குப் பங்கும் அதிகம். டி.வி.க்கு 380 வோல்ட் கிடைக்கும். நியூட்ரல் கட் ஆகி ஒரே நொடியில் வீட்டில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் போனது என்று கேள்விப்படும் சம்பவங்களின் உள்விவரம் இதுதான்.

ஆகவே த்ரீ ஃபேஸ் மெயினுக்கு நான்கு கோர் கேபிளில் நியூட்ரலும் ஃபேஸ் அளவுக்கே இருக்க வேண்டும். பாதி அளவு நியூட்ரல் உள்ள மூன்றரைக் கோர் கேபிள் மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்கு அது வேண்டாம். எல்.இ.டி., கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏ.சி. போன்றவை உண்டாக்கும் ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் கூடுதல் கரன்ட்) நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் கூடிக்கொண்டே போகும். எர்த்துக்குத் தனிக் கம்பி. நியூட்ரல் முனையில் லக்ஸ் (கம்பி முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டு) போட்டு, திருகை இறுக்கமாக முறுக்க வேண்டும். நியூட்ரலுக்கு ஃபியூஸ் கூடாது.

டி.பி.க்குப் பிறகு மூன்று ஃபேஸுக்கும் பொது நியூட்ரல் என்ற பேச்சே இருக்கக் கூடாது. ரூமுக்கு ரூம் ஒவ்வொரு சர்க்யூட்டும் தன் நியூட்ரலோடு போகட்டும்.

காருக்கு 7.4 கிலோவாட் சார்ஜர் வைக்கும் எண்ணம் இருந்தால் அது 32 ஆம்ப், மணிக்கணக்கில் விடாமல் ஓடும். குறைந்தது 10 ஸ்கொயர், பார்க்கிங் தூரமென்றால் அதைவிடத் தடிமனாக. வேறு எதையும் அந்தச் சர்க்யூட்டில் தொங்கவிட வேண்டாம். முதலில் ஈ.பி.யில் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று பாருங்கள்.

ஆர்.சி.சி.பி., எர்த்

30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. வீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். சாத்தியமானால் இரண்டு: பாத்ரூம், மோட்டார், வெளி விளக்கு ஒன்றில், மற்றவை இன்னொன்றில். கீசரில் கசிந்தால் ஃபிரிட்ஜ் நிற்காது. ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் தொட்டால் ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். எர்த் குழி பெசன்ட் நகர், திருவான்மியூர் போல மணல் பாங்கான இடத்தில் கோடையில் காய்ந்துவிடும். அவ்வப்போது தண்ணீர் ஊற்றும் வசதியோடு குழாய் வைக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது

காயில் பெட்டியிலும் ஒயரின் மேலும் ஐ.எஸ். 694, ஐ.எஸ்.ஐ. முத்திரை, அளவு, 1100 வோல்ட் என்பவை அச்சாகி இருக்க வேண்டும். சாதாரணக் காயில் 90 மீட்டர். எஃப்.ஆர். என்றால் தீ எளிதில் பரவாது, எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் புகையும் குறைவு. அடுக்குமாடியில் எஃப்.ஆர்.எல்.எஸ். எடுங்கள். பழைய ஆட்கள் 3/20, 7/20 என்று கேட்பார்கள். முதலாவது சுமார் 2 ஸ்கொயர், இரண்டாவது நாலரைக்கு மேல். இன்றைய அளவில் பில் போடச் சொல்லுங்கள். பாரிமுனை மொத்தக் கடைகளில் விலை குறையும். பில்லில் பெயர், அளவு, நீளம் மூன்றும் இருக்கட்டும்.

இழுப்பதும் முடிப்பதும்

20 எம்.எம். பைப்பில் 2.5 ஸ்கொயர் ஒயர் ஆறுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் 25 எம்.எம். பைப். ஒரு சர்க்யூட்டின் ஃபேஸும் நியூட்ரலும் எர்த்தும் ஒரே பைப்பில் போக வேண்டும். பைப்புக்குள் ஜாயின்ட் கூடவே கூடாது, எல்லா இணைப்பும் திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸில்.

பல கோர் கேபிளைச் சீவும் விதத்தைக் கிட்ட நின்று பாருங்கள். வெளி உறையைக் கத்தியால் சுற்றி வெட்டும்போது உள்ளிருக்கும் கோரின் இன்சுலேஷனில் கீறல் விழுந்திருக்கலாம். கோரை லேசாக வளைத்தால் கீறல் வாய் திறக்கும். திறந்தால் அந்த முனையை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி சீவ வேண்டும், டேப் சுற்றி மறைப்பது சரியல்ல. வெளி உறை பாக்ஸுக்குள் நுழையும் வரை முழுதாக இருக்க வேண்டும். நுழைவில் கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) போட்டுப் பிடித்தால்தான் இழுத்தாலும் திருகில் பாரம் விழாது. முனையில் செம்பு இழைகள் திருகுக்குள் இடம் பற்றவில்லை என்று நான்கைந்தை வெட்டிவிட்டு மீதியை நுழைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் 2.5 ஸ்கொயர் 1.5 ஆகிவிடுகிறது, முதலில் கருகுவதும் அங்கேதான். இழைகளை முறுக்கி ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்) போட்டு நுழைக்கச் சொல்லுங்கள்.

சோதிப்பது

வேலை தொடங்கும் முன் மெயினை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டரையும் சோலாரையும் அணைக்க வேண்டும். ஈ.பி. போனதும் இன்வெர்ட்டர் தானாக அந்தச் சர்க்யூட்டுகளுக்கு உயிர் கொடுத்துவிடும். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் பாருங்கள்.

மின்சாரம் கொடுக்கும் முன், சாதனம், பல்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டின் ஃபேஸையும் நியூட்ரலையும் எர்த்தோடு சோதிக்கட்டும். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ ஈரமோ காயமோ இருக்கிறது. புது ஒயரிங்கில் இதைவிடப் பல மடங்கு அதிகமாகவே வர வேண்டும்.

அடுத்த சோதனையை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன், ஏனென்றால் இதைச் செய்பவர்கள் அரிது. நியூட்ரல் பாரிலிருந்து எல்லா நியூட்ரலையும் கழற்றித் தனித்தனியாக நிறுத்த வேண்டும். எந்த இரண்டு நியூட்ரலுக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு இருப்பதற்கான அடையாளம்) வரக் கூடாது. பீப் அடித்தால் அந்த இரண்டு சர்க்யூட்டும் சுவருக்குள் எங்கோ நியூட்ரலைக் கலந்திருக்கின்றன. மாடிப்படி போர்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

இவை தேறிய பிறகு மின்சாரம் கொடுத்து, பிளக் ஒவ்வொன்றிலும் ஃபேஸ் வலப்பக்கம் இருக்கிறதா, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா, ஒரு எம்.சி.பி.யை அணைத்தால் அதற்குரிய பாயின்ட்டுகள் மட்டும்தான் நிற்கின்றனவா என்று பாருங்கள். கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக் காற்றில் திருகுகள் பச்சை பூத்துத் தளரும். முதல் மாதம் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு வருஷமும் கோடைக்கு முன்னால் ஒருமுறை மெயினை அணைத்து டி.பி. திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள்.

பூசுவதற்கு முன் பைப் போன ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்து, எந்தப் பைப்பில் எந்தச் சர்க்யூட், எத்தனை கோர் என்று படத்தின் மேலேயே எழுதிச் சேமியுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டாலும் விற்றாலும் அந்தப் படங்களின் ஒரு பிரதி டி.பி. பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.